ஐந்து விரலுக்கு ஒரு நத்தார்ப் பாட்டு

பியானோ பழகத் தொடங்குபவர் முதலில் எதைப் பழக வேண்டும் என்று கேட்டால், ஆசிரியர்கள் சுரவரிசை என்பார்கள். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர் முதலாம் தரத்துக்குரிய மூன்று உருப்படிகள் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த எளிய பாட்டு ஒன்றை முழுதாக வாசிக்கப் பழகுங்கள் என்பேன் நான். டிசெம்பர் மாதமென்றால் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ போதும். இசையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எழுபது வயதைத் தாண்டிய பின் அந்தப் பாட்டின் பல்லவியைத் தட்டுத் தடுமாறி வாசிக்கப் பழகியவன் நான். அதற்கு முன்னர் என் மகளின் பியானோவை மூடிவைக்கக் காரணமாக இருந்தவனும் நானே.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் பழைய பியானோ ஒன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கினேன். கடற்காற்று தந்திகளில் துருவேற்றும், மழைக்காலத்தில் கட்டைகள் ஈரத்தில் ஊதி அமுங்கினால் எழும்பா என்றெல்லாம் சுருதி சேர்க்க வந்தவர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை. மகள் பரீட்சை எழுத வேண்டும், சான்றிதழ் வர வேண்டும், அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதே என் கணக்கு. வருடத்துக்கு மூன்று உருப்படிகள். அவற்றையே பன்னிரண்டு மாதமும் வாசிப்பாள். பரீட்சை முடிந்த மறுநாள் அந்தப் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும். ஐந்தாம் தரத்தில் மிக நன்றாகவே சித்தியடைந்தாள்.

அந்த வருடத்து நத்தாருக்கு முந்திய வாரம், எங்கள் ஒழுங்கையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் கரோல் பாடிக்கொண்டு வீடுவீடாக வந்தார்கள். எங்கள் மண்டபத்தில் பியானோவைக் கண்டதும் அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. “அக்கா, நீங்கள் வாசியுங்கோ, நாங்கள் பாடுறம்” என்றார்கள். மகள் கதிரையில் அமர்ந்தாள். கைகளை மடியிலிருந்து எடுக்கவேயில்லை. “புத்தகம் இல்லாமல் எனக்கு ஒண்டும் வராது” என்றாள். பிள்ளைகள் கைதட்டிப் பாடிவிட்டு, கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள். இத்தனை செலவழித்தும் இப்படியா என்று அன்று அவளை ஏசினேன். ஆறு மாதத்துக்குள் அவள் பியானோவை மூடினாள். அதற்குப் பின் நான் எத்தனை தடவை கேட்டும் திறக்கவில்லை.

இப்போது பியானோவைத் திறந்திருப்பவள் அவளுடைய மகள். ஏழு வயது. தெருவில் பாண் விற்றுவரும் முச்சக்கர வண்டி பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு வருமல்லவா, அதன் முதல் சில சுரங்களைக் காதால் கேட்டே தேடிப் பிடித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ‘பாண் பாட்டு’. அடுத்தது ‘ஜிங்கிள் பெல்ஸ்’ என்றும், அதை நானும் அவளோடு பழக வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது.

அந்தப் பாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கரான ஜேம்ஸ் லோர்ட் பியர்பொன்ட் இயற்றி, 1857இல் பொஸ்டன் நகரில் அச்சாகிய பாட்டு இது. அப்போது அதற்கு ஒற்றைக் குதிரைச் சறுக்கு வண்டி என்ற பொருளில் வேறு பெயர் இருந்தது. 1859இல்தான் இன்றைய பெயர் சேர்ந்தது. பாட்டில் நத்தாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பனி, குதிரை, மணியோசை, இளவட்டங்களின் கேளிக்கை, அவ்வளவுதான். மசாச்சுசெட்சின் மெட்ஃபோர்டும் ஜோர்ஜியாவின் சவன்னாவும் அது பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று இன்றும் வழக்காடுகின்றன. 1965 டிசெம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் இருந்த இருவரும் ஒளித்துக் கொண்டுபோயிருந்த சிறு ஆர்மோனிக்காவிலும் குட்டி மணிகளிலும் இதை வாசித்துக் காட்டினார்கள். பனியையே காணாத வெள்ளவத்தையில் வியர்வை வழிய நாமும் வாசிக்கிறோம். பாட்டுக்குக் கடவுச்சீட்டு ஏது?

கற்பவனுக்கு அதில் உள்ள வசதி வேறு எதிலும் எளிதில் கிடைக்காது. பியானோவில் வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36. கறுப்பு இரண்டும் மூன்றுமாக மாறிமாறி நிற்கும். நடுப்பகுதியில், இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில், அவற்றுக்கு இடப்புறம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை ‘நடு ஸி’. வலக்கைப் பெருவிரலை அதில் வைத்து, மற்ற நான்கு விரல்களையும் அடுத்த நான்கு வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக விட்டால், பல்லவி முடியும்வரை கையை நகர்த்தவே வேண்டியதில்லை. முதல் ஆறு தட்டல்களும் நடுவிரலுக்குரியவை. இதைவிட எளிதான தொடக்கம் ஒரு பாட்டுக்கு இருக்க முடியுமா?

நம்மவர்கள் ஆர்மோனியத்தை வைத்து ஒரு கட்டைச் சுருதி, ஐந்து கட்டைச் சுருதி என்பார்களே, அந்த ஒன்றாம் கட்டைதான் இந்த ஸி. சுண்டுவிரல் நிற்பது ஐந்தாம் கட்டை. ஸியை ஆதார சட்சமாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகள் சங்கராபரணம். ஆகவே நமக்கு இது அந்நியமான இடமல்ல. முத்துசுவாமி தீட்சிதர் தம் காலத்தில் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவை எல்லாம் சங்கராபரண சுரங்களில் அமைந்தவை. பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றில் ஒன்று. அவற்றைக் கற்கத் தொடங்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மகா வித்துவானே எளிய மெட்டை இழிவாகக் கருதவில்லை. நாம் ஏன் கருத வேண்டும்?

எளிதென்று சொன்னேனே தவிர, எனக்கு எளிதாக வந்துவிடவில்லை. நாற்பது வருடம் தட்டச்சுப் பொறியை இரண்டு ஆட்காட்டி விரல்களாலேயே குத்திப் பிழைத்தவன் நான். பியானோவிலும் அவை இரண்டுமே முந்திக்கொண்டன. “அம்மப்பா, பெருவிரலை எங்க விட்டிட்டு வந்தனீங்கள்?” என்று பேத்தி கேட்டாள். மோதிரவிரலோ நான் சொன்னால் சுண்டுவிரலையும் கூட்டிக்கொண்டு வரும். ஆயினும் விரலைவிடப் பெரிய சங்கடம் எண்ணிக்கையில்தான் இருந்தது. இந்த மெட்டில் முதல் இரண்டு தட்டலுக்கும் ஒவ்வோர் எண்ணிக்கை, மூன்றாவதுக்கு இரண்டு. நாலாவது கட்டத்தில் ஒரே சுரம் நான்கு எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். கட்டையை அழுத்தியபடி சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். செய்தியாசிரியன் கைக்கு வெற்றிடத்தைக் கண்டால் பொறுக்காது.

முதல் வாரம் வலக்கை மட்டும். அதன் பின்னர் இடக்கைக்கு ஸி, எஃப், ஜி என்ற மூன்று ஒற்றைச் சுரங்கள், கட்டத்துக்கு ஒன்றாக. இரண்டையும் சேர்த்த அன்று வலக்கை செய்வதை இடக்கையும் செய்யப் பார்த்தது. பாதி வேகத்துக்கு இறக்கினோம், பின் அதிலும் பாதி. நத்தை ஊரும் வேகத்தில் ஒருநாள் இரண்டு கைகளும் பிரிந்து தத்தம் வேலையைச் செய்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை முதற் கட்டுரை அச்சில் வந்த நாளோடுதான் ஒப்பிட முடியும்.

மற்ற நத்தார்ப் பாடல்கள் இவ்வளவு தாராளமானவை அல்ல. ‘ஜோய் டு த வேர்ல்ட்’ மேற் சட்சத்திலிருந்து கீழ்ச் சட்சம்வரை படிபடியாக இறங்கித் தொடங்குகிறது. எட்டுச் சுரம், ஐந்து விரல். பெருவிரல் முடிந்த இடத்தில் நடுவிரல் அதன் மேலால் தாண்டி வர வேண்டும். 1818இல் ஒஸ்திரியக் கிராமமொன்றில் கிற்றார் துணையோடு முதலில் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ கேட்பதற்குத் தாலாட்டு. வாசிப்பவன் கை ஒரு ஸ்தாயிக்கு மேல் அலைய வேண்டியிருக்கும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டிலும் சரணத்துக்குப் போனால் ஐந்து கட்டைகள் போதா. தொடக்கப் புத்தகங்கள் பல்லவியோடு நிறுத்திவிடுவதற்கு அதுவே காரணம். நிறுத்தினால் குறையொன்றுமில்லை, ஊருக்குத் தெரிந்தது பல்லவிதானே.

கட்டைகளில் எழுத்துச் சீட்டு ஒட்டிப் பழகலாமா, யூரியூப்பில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழ விழத் தட்டிப் பழகலாமா என்று கேட்பார்கள். ஒரு வாரம் ஒட்டுங்கள், பின்னர் உரித்துவிடுங்கள். வண்ணக் கட்டம் எந்தக் கட்டை என்று சொல்லும். எந்த விரல் என்று பெரும்பாலும் சொல்லாது. கண் அதைத் துரத்திக்கொண்டிருக்கையில் காது வேலை செய்வதில்லை. அதுவும் ஒருவகைப் புத்தகம்தான், இல்லாவிட்டால் ஒன்றும் வராது.

பரீட்சைகளை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுரவரிசையும் பார்த்து வாசிக்கும் பயிற்சியும் இல்லாமல் எவரும் தேர்ச்சி பெற முடியாது. அந்த ஒழுங்கைப் பரீட்சை தருகிறது. என் கோபம் பெற்றோர் மேல்தான். கொழும்பில் மட்டுமல்ல, லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் வீடுகளில் பிள்ளை எத்தனையாம் தரம் என்று கேட்கிறார்களே அன்றி, என்ன பாட்டு வாசிப்பாய் என்று கேட்பதைக் காணேன். நானும் கேட்டவனல்லன். வருடத்துக்கு மூன்று உருப்படிகளோடு, வீட்டுக்கு வருபவர்கள் சேர்ந்து பாடக்கூடிய ஒரு பாட்டையும் புத்தகமில்லாமல் வாசிக்கப் பழக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வாரத்துக்கு அரைமணி நேரம் போயிருக்கும். என் மகள் அன்று மடியில் வைத்த கைகளை எடுத்திருப்பாள்.

மாலையில் நான் பயிற்சி செய்யும்போது அவள் குசினியில் இருப்பாள். நாலாவது கட்டத்தில் நான் வழமைபோல அவசரப்பட்டால், “அப்பா, நாலு எண்ணுங்கோ, ரெண்டிலயே விட்டிட்டீங்கள்” என்று அங்கிருந்தே குரல் வரும். எண்ணுகிறேன். பேத்தி பக்கத்திலிருந்து காலை ஆட்டித் தாளம் போடுகிறாள். மகள் இதுவரை பியானோவுக்கு முன்னால் வந்து அமரவில்லை. சுருதி சேர்ப்பவரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். மழை ஈரத்தில் ஐந்தாம் கட்டை அமுங்கினால் எழும்புவதில்லை.