கணக்கு கேட்போம்; கடிவாளம் ஏற்கோம்!

கம்மாபுரத்தார் நாம். விருத்தாசலத்துச் சூளையில் வெந்து வரும் பீங்கான் கோப்பையைச் சுண்டிப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள். மேலே பளபளப்பு, உள்ளே விரிசல் உண்டா? ஓசை சொல்லிவிடும். சீர்திருத்தம் எனும் சொல்லையும் அவ்விதமே சுண்டிப் பார்த்திட வேண்டாமா?

சோவியத் நாட்டிலே ஒரு சீர்திருத்தம் நடந்தது. 1961 ஜூலை 18 அன்று, அரசின் நெருக்குதலால், ருசியத் திருச்சபையின் ஆயர்கள் கூடினர். பங்குக் கோயிலின் பணமும் நிர்வாகமும் பாதிரியார் கையிலிருந்து எடுக்கப்பட்டன. தலைவர், துணைவர், பொருளாளர் எனும் மூவரிடம் தரப்பட்டன. பாதிரியார், பூசைக்கு அமர்த்திய கூலியாள் ஆனார்.

குருமார் ஆதிக்கம் ஒழிந்தது, மக்களாட்சி மலர்ந்தது என்று கைகொட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள், சுண்டிப் பாருங்கள்! அந்த மூவரில் வேண்டாதவரை நீக்கும் உரிமை எவருக்கு? பங்கு மக்களுக்கு மட்டுமா? இல்லை, 1929 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கும் இருந்தது! பெயர் மக்கள் குழு. பிடி அதிகாரி கையில். குருச்சேவ் காலத்தில் ஆயிரக்கணக்கான கோயில்கள் மூடப்பட்டன. 1965 இல் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பேராயர் எர்மகென் பதவி இழந்தார். யாக்குனின், எஷ்லிமன் எனும் பாதிரியார் இருவர் பகிரங்கக் கடிதம் தீட்டினர். மறு ஆண்டே பணிக்குத் தடை! அந்த ஏற்பாடு மாறிட 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

கண்டீரா பொதுவுடைமையின் கொடுமையை என்று இங்கே மகிழ்ந்திடும் ஆயர்களே, உங்களையும் சுண்டிப் பார்க்கிறோம்!

கேரளத்தில் 2009 இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலும், 2019 இல் நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலும் இயங்கிய சட்டச் சீர்திருத்த ஆணையங்கள், திருச்சபைச் சொத்துகளுக்கெனச் சட்ட வரைவுகள் தந்தன. 2019 வரைவு கேட்டது என்ன? வரவு செலவைத் தணிக்கை செய்க. முறையீட்டைக் கேட்கத் தீர்ப்பாயம் அமைக்க. ஜெபத்தையா தடுத்தது? வேதத்தையா திருத்தியது? உண்டியல் கணக்கைக் கேட்டது! உடனே மதத்துக்கு ஆபத்து என்ற கூக்குரல். இடதுசாரி அரசும் சட்டமாக்கும் எண்ணமில்லை என்று ஒதுங்கிக் கொண்டது.

பழகிய கூக்குரல்தான் அது. பனகல் அரசர் ஆட்சியில் அறநிலையச் சட்டம் பிறந்தபோதும் அதே ஓலம் கேட்டது. இன்று நம் பழமலைநாதர் கோயில் கணக்கு தணிக்கைக்கு உட்படுகிறது. பழமலைநாதர் பட்டினி கிடக்கிறாரா?

எல்லைக்கோடு எது? 1954 இல் சிரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம் அதை வகுத்தது. சமயச் சொத்தின் நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். நிர்வாக உரிமையையே முற்றாகப் பறித்துப் பிறரிடம் தரலாகாது. மாஸ்கோ அக்கோட்டைத் தாண்டியது. நம் ஆயர்களோ, கோட்டின் அருகே எவரும் வரலாகாது என்கின்றனர். கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும், எந்தக் கட்சியின் ஆட்சிக்கும் அளவுகோல் ஒன்றே.

காணிக்கைத் தட்டில் காசு போடும் உழவனும் கூலிக்காரனும் கேட்கிறார்கள்: எங்கள் பணம் எங்கே? அதற்கு விடை தர ஆயர் அஞ்சுவானேன்? அந்த வினாவைத் தனக்கு ஏணியாக்கி, அரசு பீடம் ஏறுவானேன்?

கணக்கு, கொடுத்தவனுக்கு. வழிபாடு, வணங்குபவனுக்கு. இரண்டையும் இருவரும் பறிக்க விடோம்!