மூன்று அரசுகளின் வழக்கு

வேற்றூர் சென்று பயிலும் மாணாக்கன் நூலோடு அந்நாட்டு வழக்கையும் கற்றல் வேண்டும். இதனைக் குமரி மாவட்டத்துப் பண்டைச் சாலையொன்று நன்குணர்ந்திருந்தது. சேர நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் இடைப்பட்ட எல்லைப்புறம், ஆய் நாடு. அதன் மன்னன் கருநந்தடக்கன், கி.பி. 866 இல் முஞ்சிறையை அடுத்துத் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, அவ்வூர்க்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். ஆங்கே, காந்தளூர்ச் சாலையைப் போன்று, 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்கும் சாலையையும் நிறுவினான்.

அதில் இடம்பெறுவோர் இலக்கணம், மீமாஞ்சை முதலியவற்றோடு மூன்று அரசுகளின் நடைமுறையும் அறிந்திருத்தல் வேண்டும் என்கிறது அவனது செப்பேடு. அவை சேர, சோழ, பாண்டிய அரசுகள் என்பர் ஆராய்ச்சியாளர். அயலரசோடு பொருவதற்கு வாள் போதும். கலந்து வாழ்வதற்கு அதன் வழக்குத் தெரிய வேண்டுமன்றோ? எல்லைப்புறத்தார்க்கு இதனினும் ஏற்ற கல்வி இல்லை. மாணாக்கர் ஒருவரையொருவர் இகழ்ந்துரைப்பின் தண்டம் உண்டு. படைக்கலம் ஏந்தி அவை புகுதலும் ஆகாது. இளைஞர் எக்காலத்தும் இளைஞரே போலும்!

ஆயினும் அவ்விடங்கள் அனைத்தும் வேதம் ஓதும் மூன்று பிரிவினர்க்கே பகுத்தளிக்கப்பட்டன. சாலையின் சோற்றுக்கு நெல் விளைத்த உழவர்தம் மக்கள் அங்குப் பயில இயலவில்லை. அயல்நாட்டாரை அறியச் சொன்னவர் அண்டை வயலாரை மறந்தது பெருங்குறையே.

இன்று பார்த்திவபுரத்தில் கோயில் உண்டு, சாலை இல்லை. 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை அதன் அருகே அமைந்துள்ளது. அவ்வெல்லை கடந்து திருவனந்தபுரம் சென்று கற்கும் குமரி மாணாக்கருள் உழவர் மக்களும் உளர்.