இந்த ராஜகால்வாய் யார் பொறுப்பு?

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு பெங்களூரில் பெய்த மழை 131 மில்லிமீட்டர். மறுநாள் காலை நாட்டின் எல்லா டெலிவிஷன்களிலும் நம் நகரம்தான். எமலூரிலும் பெல்லந்தூரிலும் கோடிக்கணக்கில் விலைபோகும் பங்களாக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரிகள் டிராக்டரில் நின்றபடி வேலைக்குப் போனார்கள். ரப்பர் படகுகள் வந்தன. அதே சமயம் மாண்டியா மாவட்டத்திலிருந்து காவேரித் தண்ணீரை இறைத்து அனுப்பும் நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்துவிட்டதால், நகரின் பல பகுதிகளில் குழாய் வறண்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். குடத்தில் ஒரு சொட்டு இல்லை!

பங்களாக்காரர்களின் துன்பத்தைக் கண்டு நாம் கைகொட்டிச் சிரிக்கவில்லை. வெள்ளத்தில் தவிப்பவன் யாராயினும் மனிதனே. ஆனால் மோரி ஓரத்துக் குடிசைகளிலும், பள்ளத்தில் கட்டிய வாடகை வரிசை வீடுகளிலும் வாழும் நம் மக்களுக்கு அந்த இரவு புதிதல்ல. கட்டிலின் மேல் அரிசி மூட்டையை ஏற்றி, அதன்மேல் பிள்ளைகளை ஏற்றி விடியவிடிய விழித்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர்! 2017 ஆகஸ்டில் கோரமங்களா பக்கம் மூழ்கியபோதே இந்த நகரத்துக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. 2022-க்குப் பிறகு சில நாட்கள் புல்டோசர் ஓடியது. பிறகு நின்றது. 2024 அக்டோபரில் எலகங்காவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பே ஏரியானது. 2025 மே மாதம் ஹொரமாவு பக்கம் சாயி லேஅவுட் மூழ்கியது.

இவையெல்லாம் எதிர்பாராத விபத்துகள் என்று ஆளுவோர் சொல்கிறார்கள். எது எதிர்பாராதது?

பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். ஆறு கிடையாது. பெய்கிற மழை ஹெப்பால், கோரமங்களா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கி ஓடவேண்டும். அதற்காகத்தான் ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி முன்னோர் சங்கிலிபோல் ஏரிகளை வெட்டினார்கள். அவற்றை இணைக்கும் வாய்க்கால்களே ராஜகால்வாய்கள். அந்த ஏரிகள் எங்கே? நாம் ஊரிலிருந்து வந்து மூட்டை முடிச்சுடன் பஸ்ஸை விட்டு இறங்குகிறோமே, அந்த மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரியின் மடி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கோரமங்களா ஏரியின் மேல் தேசிய விளையாட்டுக் கிராமத்தைக் கட்டினார்கள். இருக்கும் ஏரிகளையாவது காப்பாற்றுங்கள் என்று 1980-களிலேயே லட்சுமணராவ் குழு சொல்லியாயிற்று. கோரமங்களா பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் சுமார் 113 கிலோமீட்டர் ஓடிய கால்வாய்கள் 62 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டன என்று மத்திய தணிக்கைத் துறையே 2021-ல் எழுதியது. அறிக்கை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, என்ஜினியர் இருக்கிறார். தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை, தோழர்களே!

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் மோரியைத் தூர்வாரினால், செப்டம்பரில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? நடக்காத வெள்ளத்துக்குத் திறப்பு விழா உண்டா? ஆனால் வெள்ளம் வந்தபின் அரிசி மூட்டையும் போர்வையும் கொடுத்தால் படம் வரும், நிவாரணத் தொகை அறிவித்தால் கைதட்டல் வரும். இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் தேர்தல் கணக்குகளை ஆராய்ந்து ஹீலி, மல்ஹோத்ரா என்ற இரு அறிஞர்கள் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரிடருக்குப் பின் நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். முன்கூட்டியே தடுக்கச் செலவு செய்த ஆட்சிக்கு அப்படி வாக்களிப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. தடுப்புக்கு ஒரு டாலர் போட்டால் பின்னால் சுமார் 15 டாலர் நஷ்டம் மிச்சமாகும் என்றும் கணக்கிட்டார்கள். ஆக, அரசியல்வாதிக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? கைதட்டிய நாமும்தான்.

நம் நிலைமை அதைவிடக் கேவலம். பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தவில்லை. 2022-ல் வெள்ளம் வந்தபோது வார்டுக்குப் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. 2025-ல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். நம் தெரு மோரி எந்த மாநகராட்சியைச் சேர்ந்தது என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று!

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லவேண்டும். மழைக்காலத்தில் இரவு நேரத்தில் தண்டவாள ரோந்து என்று ஒன்று உண்டு. கேங்மேன் ஒருவர் விளக்கும், ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்கும் வெடியும் எடுத்துக்கொண்டு தன் எல்லைவரை நடப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார். சந்திக்கும் இடத்தில் இருவரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் கையெழுத்துப் போடுவார். பாலத்தின் தூணில் அபாய அளவுக்கு வண்ணக் கோடு இருக்கும். இதில் முக்கியமான விஷயம் எது தெரியுமா? குறித்த நேரத்துக்குள் ரோந்து ஆள் வந்து சேரவில்லை என்றால், ‘தகவல் இல்லை, ஆகவே ஆபத்து இல்லை’ என்று யாரும் இருந்துவிடக் கூடாது. ஆள் வரவில்லை என்பதையே ஆபத்தாக எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலை வேகம் குறைத்து ஓட்டச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுக்கவேண்டும். நகரத்தில் இது தலைகீழ். புகார் வரவில்லையா, மோரி நன்றாக இருக்கிறது என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள்!

ரயில்வே யோக்கியமானது என்று சர்டிபிகேட் கொடுக்க வரவில்லை. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் மெஹபூப்நகரில் இதேபோல் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி அரியலூருக்குப் பிறகு மந்திரி பதவியைத் துறந்ததை இன்றும் மேடைக்கு மேடை புகழ்கிறோம். புகழவேண்டியதுதான். ஆனால் மெஹபூப்நகருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட நாட்களில் எந்தெந்தப் பாலத்தை யார் போய்ப் பார்த்தார்கள் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் சிக்னல் கோளாறால் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புத்தகமும் விதியும் இருந்தால் போதாது, அதன்படி வேலை நடக்கவேண்டும் என்பதற்கு அது சாட்சி.

நம்மில் பலர் கட்டட வேலைக்காரர்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். 1983 செப்டம்பரில் இதே பெங்களூரில் கங்காராம் கட்டடம் இடிந்து 123 பேர் செத்தார்கள். 2024 அக்டோபரில் பாபுசாபாளையத்தில், சட்டவிரோதமாக எழுந்தது என்று அரசே ஒப்புக்கொண்ட கட்டடம் மழையில் சரிந்து, பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாற்பது ஆண்டு இடைவெளி. மாடி மேல் மாடி ஏறுவதைத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் எவர் என்பதுதான் தெரியவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். ‘ஆபத்து என்று தெரிந்தும் மோரி ஓரத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள்?’ என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். வாடகை அங்கேதான் குறைவு, வேலை அங்கேதான் பக்கம் என்பது பதில். வருஷத்தில் இரண்டு இரவு வெள்ளத்துக்குப் பயந்து, முந்நூற்று அறுபது நாள் பஸ் செலவை ஏற்க முடியாதவனை முட்டாள் என்று சொல்வது அநியாயம். ஆனால் நாம் செய்யக்கூடியதையும் செய்யாமல் இருக்கிறோம் என்பது உண்மை. ‘போன தடவை முட்டிக்கால் அளவுதானே வந்தது’ என்று சொல்லிப் படுத்துவிடுகிறோம். ரேஷன் கார்டும், ஆதாரும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றும் தகரப் பெட்டியின் அடியில்தான் கிடக்கின்றன. நனைந்தபின் நிவாரண வரிசையில் நம் பெயரே இல்லை. மோரியில் குப்பை கொட்டுகிறவர்களில் நம்மவரும் உண்டு. இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

ஏழைகளால் முடியாது என்பவர்கள் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999 அக்டோபர் 29 புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதன்பின் கடற்கரை நெடுகப் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கினார்கள். வருஷாவருஷம் ஒத்திகை நடத்தினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு நூறுக்கும் கீழே. ஒடிசா பணக்கார மாநிலம் அல்ல. பணம் இல்லை என்ற சாக்கு அங்கேயே உடைந்துபோயிற்று.

ஆகவே நம் கோரிக்கை மூன்றே. ஒவ்வொரு ராஜகால்வாய் ஓரத்திலும், அதற்குப் பொறுப்பான என்ஜினியரின் பெயர், போன் நம்பர், கடைசியாகத் தூர்வாரிய தேதி ஆகியவற்றைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய போர்டு வேண்டும். தண்ணீர் ஏறும் அளவுக்கு ரயில்வே பாலம்போல் அபாயக் கோடு வேண்டும். மாற்று இடம் காட்டாமல் மோரி ஓரத்து ஏழைகளை அப்புறப்படுத்தக் கூடாது. ஏரியை விழுங்கியவர்களை விட்டுவிட்டுக் குடிசையில் மட்டும் புல்டோசரை ஏற்றுவது முன்னேற்பாடு ஆகாது.

போர்டு வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஒவ்வொரு பகுதித் தோழர்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சந்துக்கு இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. நடக்க முடியாத முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, பால்குடிப் பிள்ளை உள்ள வீடுகளை எழுதுங்கள். கன்னடக்காரர் வீடு, பீகார் தொழிலாளர் கொட்டகை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்ணீருக்கு மொழி தெரியாது. கார்டுகளையும் சான்றுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் மண்டபம், எந்தச் சர்ச், எந்த மசூதி இரவில் கதவு திறக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று இப்போதே பேசி வையுங்கள். பெருமழை இரவில் சந்து ஆட்கள் மணிக்கு ஒரு தடவை பகுதிச் செயலாளருக்குப் போன் செய்யவேண்டும். போன் வராத சந்துக்கு முதலில் ஆள் போகவேண்டும்.