மருந்துக்குப் பணியாத மதுவம்

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில், மனித உயிருக்கு அபாயம் விளைக்கும் 19 பங்கசுகளின் பட்டியலொன்றை வெளியிட்டது. அதன் முதல் வரிசையில் நின்ற நான்கினுள் ஒன்று கண்டிடா ஓரிஸ் என்னும் மதுவம். கள்ளைப் புளிக்கவைத்து அப்பமாவைப் பொங்கச் செய்யும் மதுவத்துக்கு இது தூரத்து உறவு; குணமோ முற்றிலும் வேறு.

2009ஆம் ஆண்டில், யப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுத்து விவரிக்கப்பட்டமையால், காதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பின்னர் இந்தியா, தென்னாபிரிக்கா, வெனிசுவெலா முதலிய நாடுகளிலும் காணப்பட்டது. வைத்தியசாலைக் கட்டில்களில் வாரக்கணக்கில் உயிர்த்திருந்து, நோயாளிக்கு நோயாளி தாவுவது அது. குருதியுட் புகுந்தால் மூவரில் ஒருவருக்கு மேல் மாண்டதாகப் பல அறிக்கைகள் கூறுகின்றன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்கின்படி, அந்நாட்டிற் சோதிக்கப்பட்ட ஓரிஸ் மதுவங்களுள் ஏறக்குறைய 90 சதவீதம் புளுக்கொனசோலுக்குப் பணியவில்லை. 30 சதவீதமளவில் அம்போதெரிசினுக்கும் பணியவில்லை. எக்கினோகான்டின் வகை மருந்துகளை எதிர்த்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் புளுக்கொனசோல் மலிவான குளிசை. எக்கினோகான்டினோ நாளத்தில் ஏற்றவேண்டிய, விலை மிகுந்த மருந்து. ஆதலால், எதைக் கொடுப்பது என்பதைச் சோதனையே சொல்லவேண்டும்.

அச்சோதனை எளிதன்று. குருதியிலிருந்து மதுவத்தை வளர்த்தெடுக்கவே சில நாட்கள் செல்லும். பழைய முறைகளில் இதனை வேறோர் இனமென்று பெயர் பிழைத்துச் சொல்வதும் உண்டு. பெயர் தெளிந்தபின், சிறு குழிகள் நிறைந்த தட்டில் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்து இட்டு, எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு மதுவத்தைச் சேர்த்து, 35 பாகை வெப்பத்தில் 24 மணி நேரம் வைப்பர். புளுக்கொனசோல் மதுவத்தைக் கொல்லுவதில்லை, மந்தப்படுத்துவதே அதன் இயல்பு. எனவே தெளிந்த குழியைத் தேடுவதிற் பயனில்லை. கலங்கல் பாதியாகக் குறைந்த குழியையே கண்டறியவேண்டும். பழகிய கண்ணுக்கே அது பிடிபடும்.

புதிய மருந்துகள் வரவில்லையே என்று கவலைப்படுவோர் பலர். கவலை நியாயமானதே. ஆயினும், கையிலுள்ள மருந்துகளுள் எது பலிக்கும் என்று சொல்ல ஆளில்லாத வைத்தியசாலைக்குப் புதிய மருந்து வந்துதான் என்ன? இத்தகைய சோதனைகளுக்கு வசதி நிறைந்த ஆய்வுகூடங்களும் பயிற்சி பெற்றோரும் வேண்டியிருப்பதால், வறிய நாட்டு மக்களுட் பெரும்பாலோருக்கு அவை எட்டுவதில்லை என்று அதே ஸ்தாபனம் 2025 ஏப்ரலில் எழுதிற்று. மருந்துப் பஞ்சத்தைவிட இப்பஞ்சமே கொடியது என்பது என் எண்ணம். சோதனை இல்லாத இடத்தில் வைத்தியர் வேறென்ன செய்வார்? அலுமாரியில் இருப்பதைக் கொடுப்பார். பெரும்பாலும் அது புளுக்கொனசோலாகவே இருக்கும்.

ஒருமுறை சோதித்தாலும் போதாது. சிகிச்சை நடக்கும்போதே எக்கினோகான்டினையும் இம்மதுவம் எதிர்க்கத் தொடங்குவதுண்டு. அப்போது அதே நோயாளியிடம் மீண்டும் குருதி எடுத்து, மீண்டும் வளர்த்து, தட்டை முதலிலிருந்து வைக்கவேண்டியிருக்கிறது.