அன்று கேட்ட காசும் இன்று கேட்கும் காசும்

தம்பி! நூற்பாலையில் உழைத்தவன் நீ. ஓடுகிற இயந்திரத்தைவிட, ஓடாமல் நிற்கிற இயந்திரமே சீக்கிரம் கெடும் என்பதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவடைப்பு முடிந்து ஆலை திறக்கும் நாளில், எண்ணெய்க் கேனும் கையுமாக நீ அலைந்ததை மதுரை அறியும். மண்ணில் நிற்கும் இயந்திரத்துக்கே இந்த நிலை என்றால், விண்ணில் பறக்கும் இயந்திரத்துக்கு?

'டகோட்டா' என்றொரு விமானம். 1947 அக்டோபர் 27-ஆம் நாள், காஷ்மீரத்தின் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டிருந்த நேரத்தில், டில்லியிலிருந்து சீக்கியப் படைவீரர்களைச் சுமந்து ஸ்ரீநகரில் இறங்கியது அது. 1971-இல் வங்கத்து டாங்கைலில் பாராசூட் வீரர்கள் குதித்தபோதும் பணியில் இருந்தது. பிறகு ஓய்வு கொடுத்தார்கள். ஊரும் மறந்தது, நாடும் மறந்தது.

1944-இல் செய்யப்பட்ட ஒரு டகோட்டா, வெளிநாட்டில் பழைய இரும்பாகக் கிடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கினார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். பழுது பார்த்துத் தருகிறேன் என்றார். முதலில் ஏற்கவில்லை, சில ஆண்டுகள் கழித்தே ஏற்றார்கள். 2018-இல் தன் சிறகாலேயே பறந்து வந்து சேர்ந்தது அந்த விமானம்! 'பரசுராமா' என்று பெயர் சூட்டினார்கள். பெயரில் புராணம், பறப்பதோ விஞ்ஞானத்தால்!

மகனுக்கு மனமும் இருந்தது, பணமும் இருந்தது, பாராட்டுவோம். ஆனால், நாட்டின் நினைவு ஒருவர் பணப்பையின் தயவில் நிற்கலாமா? 'விக்ராந்த்' கப்பலை நினைத்துப் பார்! 1971 போரில் கடல் நடுவிலிருந்து விமானங்களை ஏவிய கப்பல். 1997-இல் ஓய்வு பெற்றது. மும்பையில் காட்சிக்கூடமாகச் சில காலம் நின்றது. கைகொடுப்பார் இல்லாமல் ஏலம் போயிற்று. 2014-இல் உடைத்தார்கள். அதன் உலோகத்தை உருக்கிச் சேர்த்து மோட்டார் சைக்கிள் விற்றார்கள்! வீரத்துக்கும் எடைபோட்டு விலை சொல்லும் காலம், தம்பி!

"கூரை ஒழுகும் குடிசைக்காரனிடம் விமானத்துக்கு நன்கொடையா?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி! நமக்கு அனுபவமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில், கவர்னர் ஆர்தர் ஹோப் காலத்தில், சென்னை மாகாணத்தில் யுத்த நிதி திரட்டினார்கள். 'ஸ்பிட்ஃபயர்' ஒன்றுக்கு 5,000 பவுன் என்று விலை குறித்து, பேரரசெங்கும் கை நீட்டிய காலம். பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264-ஆம் அணிகள் 'சென்னை மாகாணம்' என்ற பெயரைத் தாங்கின. பெயர் நமக்கு, பெருமை அவனுக்கு! விரும்பிக் கொடுத்தவரும் உண்டு. அதிகாரியின் முகத்துக்கு அஞ்சிக் கொடுத்தவரும் உண்டு. போர் வேண்டுமா என்று நம்மைக் கேட்டார்களா? காசை மட்டும் கேட்டார்கள்!

அதே இங்கிலாந்தில், 'வல்கன்' என்ற பழைய குண்டுவீச்சு விமானத்தைப் பொதுமக்கள் நன்கொடை தந்து 2007 முதல் 2015 வரை பறக்க வைத்தார்கள். அப்புறம் ஏன் நின்றது? பொறியியல் பொறுப்பை ஏற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன. கொடுக்கும் கை இருந்தும், பொறுப்பேற்கும் கை இல்லை!

ஆகவே தம்பி, பழைய போர் விமானம் ஒன்றைக் காப்பாற்ற யாரேனும் உண்டியல் ஏந்தி வந்தால், விரட்டாதே. மூன்று கேள்வி கேள். விரும்பியவரிடம் மட்டும்தானே வாங்குகிறாய்? வரவு செலவை ஊரறிய ஒட்டுவாயா? அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட, தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுத் தருவாயா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், தேநீர்க் காசில் ஒரு பங்கைப் போடு. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், முடிந்த கை முடிந்தபடியே இருக்கட்டும்!

இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், குரோம்பேட்டைக் கல்லூரியில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்தே விமானத் துறையில் மனம் வைத்தார். நின்ற விமானமே ஒரு விஞ்ஞானியைத் தந்தது என்றால், அவனியாபுரத்து வானில் உறுமிக்கொண்டு பறக்கும் விமானம் எத்தனை பேரைத் தரும்!

இயந்திரம் ஓடட்டும், அதை ஓட்டும் கை நம் பிள்ளையின் கையாகட்டும்!