இரண்டாவது தாண்டலையும் கணக்கில் எடுங்கள்

பர்மிங்காம் அலெக்சாண்டர் அரங்கில் 2022 ஆகஸ்ட் 4 அன்று நடந்த காமன்வெல்த் ஆடவர் நீளம் தாண்டுதல் இறுதிப்போட்டியின் முடிவுப் பட்டியலில், முதல் இரண்டு பெயர்களுக்கு நேராக இருப்பது ஒரே தூரம்தான்: 8.08 மீட்டர். தங்கம் பஹாமாஸ் வீரர் லக்குவான் நேர்னுக்குப் போனது. வெள்ளி பாலக்காட்டு வீரர் முரளி ஸ்ரீசங்கருக்குக் கிடைத்தது. வெண்கலம் வென்ற தென்னாப்பிரிக்கர் யோவான் வான் வூரென் 8.06 தாண்டியிருந்தார்; மூவருக்கும் இடையே இரண்டே சென்டிமீட்டர்தான். அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ரசிகர்களிடம் ஒரு மனக்குறை எழுகிறது. சமமாகத் தாண்டியவருக்குத் தங்கத்தில் ஏன் பங்கில்லை? விதி நம் பையனுக்கு அநியாயம் செய்துவிட்டதே!

அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அந்த விதி சரியானது, அப்படியே இருக்க வேண்டியது. அதைவிட முக்கியம், பர்மிங்காமில் நேர்னுக்குத் தங்கம் கொடுத்த அந்தக் கணக்கை நம் தடகள நிர்வாகமும் உள்நாட்டில் போடத் தொடங்க வேண்டும் என்பது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். நேர்ன் இரண்டாவது சுற்றிலேயே 8.08 தாண்டிவிட்டார். ஸ்ரீசங்கரின் தொடக்கம் 7.60. அடுத்த இரண்டும் 7.84. நான்காவது தாண்டல் நல்ல நீளம்; ஆனால் கால் மயிரிழையில் கோட்டைத் தாண்டியதால் சிவப்புக் கொடி உயர்ந்தது. ஐந்தாவது சுற்றுக்கு ஓடத் தொடங்கியபோது அவர் பதக்க இடங்களுக்கு வெளியே நின்றார். அந்த நெருக்கடியில்தான் 8.08 வந்தது. ஆறாவது மறுபடி பவுல். சமநிலை ஏற்பட்டால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதுவும் சமமானால் மூன்றாவது, பிறகு நான்காவது. நேர்னின் இரண்டாவது சிறந்த தூரம் 7.98. ஸ்ரீசங்கருக்கு 7.84. வித்தியாசம் 14 சென்டிமீட்டர். அதோடு, நேர்ன் 8.08 தாண்டியபோது எதிர்க்காற்று நொடிக்கு 0.1 மீட்டர், ஸ்ரீசங்கருக்குப் பின்னாலிருந்து உதவிய காற்று 1.5 மீட்டர். இரண்டு மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைய மாலையை முழுவதாக எடைபோட்டால் தராசு நேர்ன் பக்கம்தான் சாய்கிறது.

இன்னும் நுட்பமாக அளந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நீளம் தாண்டுதலில் அளவு கீழ்நோக்கி முழு சென்டிமீட்டராகப் பதியப்படுகிறது. 8.080 தாண்டினாலும் 8.089 தாண்டினாலும் பலகையில் வருவது 8.08தான். ஆகவே இருவரில் ஒருவர் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தாண்டியிருக்கலாம். ஆனால் அளக்கப்படுவது மணலில் விழுந்த தடம். குதிகால் பட்டு ஓரம் உடையும் இடத்தில் நாலைந்து மணல் துகள்கள் இப்படியோ அப்படியோ சரிந்தால் மில்லிமீட்டர் மாறிவிடும். கருவிக்கு எட்டும் நுட்பம் மணலுக்கு இல்லை. நீச்சலுக்கு இந்தப் பாடம் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிடைத்தது. 400 மீட்டர் தனிநபர் மெட்லேயில் சுவீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். குளத்தின் தடங்களே அவ்வளவு துல்லியமாகக் கட்டப்படுவதில்லை என்பது உறைத்தபின், நீச்சல் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது. அதனால்தான் 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லே குளோஸ், லாஸ்லோ செக் ஆகிய மூவரும் ஒரே வெள்ளியைப் பெற்றார்கள்.

அப்படியானால் மணற்குழியிலும் பதக்கத்தைப் பகிரலாமே? கூடாது. நீச்சல் வீரருக்கு இறுதிப்போட்டியில் கிடைப்பது ஒரே வாய்ப்பு. அவர்களை மேற்கொண்டு பிரித்தறிய வேறு சான்று கையில் இல்லை. நீளம் தாண்டுபவருக்கோ ஆறு வாய்ப்புகள். மற்ற ஐந்து தாண்டல்களும் பதிவேட்டில் இருக்கும்போது, அவற்றைப் புரட்டாமல் இருவரும் சமம் என்று கையெழுத்திடுவதுதான் அநியாயம்.

டோக்கியோ உயரம் தாண்டுதலைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 1 அன்று கத்தாரின் முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டு கட்டித்தழுவியதை உலகமே பார்த்தது. அந்தக் காட்சி நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அங்கேயும் பழைய தாண்டல்களைப் புரட்டிப் பார்த்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. இருவருமே 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் வந்து, 2.39-இல் மூன்று முறையும் தட்டிவிட்டவர்கள். ஏட்டில் எந்த வித்தியாசமும் கிடைக்காத நிலையில்தான் பகிர்வுக்கே வழி திறந்தது.

மறுநாள் காலை அதே அரங்கில் நீளம் தாண்டுதல். கியூபாவின் ஹுவான் மிகுவேல் எச்செவரியா மூன்றாவது சுற்றில் 8.41 தாண்டி முன்னிலையில் இருந்தார். கிரேக்கத்தின் மில்டியாடிஸ் டென்டோக்லு தன் கடைசி வாய்ப்பில் அதே 8.41-ஐத் தொட்டார். டென்டோக்லுவிடம் ஒரு 8.15 இருந்தது, எச்செவரியாவிடம் 8.09. ஆறு சென்டிமீட்டரில் தங்கம் கிரேக்கத்துக்குப் போனது. காயத்தோடு கடைசி முறை ஓடிவந்த எச்செவரியா தாண்ட முடியாமல் விழுந்து அழுததைப் பார்த்தவர் எவருக்கும் நெஞ்சு கனத்திருக்கும். அப்போதும் டென்டோக்லுவின் தங்கத்தில் குறையில்லை. பெரும்பாலானோர் மறந்துபோன அந்த 8.15-தான் அவரை ஒலிம்பிக் சாம்பியன் ஆக்கியது.

இரண்டாவது நல்ல தாண்டல் ஏன் இவ்வளவு கடினம்? ஓடுபாதையைப் பார்த்தால் தெரியும். நாற்பது மீட்டர் அளவுக்கு ஓடிவந்து, நொடிக்குப் பத்து மீட்டரைத் தொடும் வேகத்தில், இருபது சென்டிமீட்டர் அகலப் பலகையில் கால் வைக்க வேண்டும். பாதையோரத்தில் வைத்துக்கொள்ள இரண்டு அடையாளங்களுக்கு மட்டுமே அனுமதி. காற்று சற்றே மாறினாலும், தொடை கொஞ்சம் களைத்தாலும், அடியின் நீளம் மாறும். ஒவ்வோர் அடியிலும் ஒரு சென்டிமீட்டர் கூடினால் பலகைக்கு வரும்போது அது இருபது சென்டிமீட்டராகச் சேர்ந்துவிடும். முன்பு ஷூ முனை பலகைக்கு அப்பாலுள்ள பிளாஸ்டிசினில் தடம் பதித்தால்தான் பவுல். 2021 நவம்பர் முதல் அதுவும் இறுகிவிட்டது. கோட்டுக்கு நேர்மேலே எழுப்பிய கற்பனைச் சுவரை ஷூவின் நுனி கடந்தாலே போதும், சிவப்புக் கொடி உயரும். தரையைத் தொட வேண்டியதே இல்லை. இத்தனையும் ஒருமுறை கூடிவருவது திறமையோடு சேர்ந்த அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரே மாலையில் இரண்டு, மூன்று முறை கூடிவந்தால் அது பயிற்சி.

பவுல்கள் அதிகம், பார்வையாளருக்குச் சலிப்பு என்று சொல்லி, பலகையை எடுத்துவிட்டு அகலமான தாவுபகுதி ஒன்றை வைத்து, கால் பட்ட இடத்திலிருந்தே அளக்கும் முறையைச் சோதிக்கப்போவதாக உலகத் தடகள அமைப்பு 2024-இல் அறிவித்தது. கார்ல் லூயிசும் டென்டோக்லுவும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி. வேகத்தையும் துல்லியத்தையும் ஒரே அடியில் சேர்ப்பதுதான் இந்த விளையாட்டு. துல்லியத்தைக் கழற்றிவிட்டால் வெறும் ஓட்டமும் எம்பலும்தான் மிஞ்சும்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் ஸ்ரீசங்கர் 8.26 தாண்டி ஒலிம்பிக் தகுதி பெற்றார். டோக்கியோ தகுதிச்சுற்றில் 7.69-உடன் வெளியேறினார். தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் விஜயநகரில் 8.42 தாண்டி தேசியச் சாதனை படைத்தார். டோக்கியோவில் தங்கம் வென்ற தூரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம்! அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் 7.76-உடன் எட்டாம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் இரண்டும் பவுல், மூன்றாவது 7.61. இந்த இளைஞர்களின் உழைப்பைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. எட்டு மீட்டரைத் தாண்டும் கால்கள் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு உண்டு? 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் டி.சி. யோகன்னான் 8.07 தாண்டித் தங்கம் வென்றார். 1978 எட்மண்டனில் சுரேஷ் பாபு காமன்வெல்த் வெண்கலம் வென்றார். அதற்கடுத்த காமன்வெல்த் ஆடவர் நீளம் தாண்டுதல் பதக்கம் ஸ்ரீசங்கருடையது. நடுவில் 44 ஆண்டுகள். குறை வீரர்களிடம் இல்லை, நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு பெரிய தாண்டல் வந்தால் தகுதித் தூரம் எட்டப்பட்டுவிடுகிறது, சாதனைப் பட்டியல் திருத்தப்படுகிறது, செய்தித்தாளில் படம் வருகிறது. நாமும் அப்படித்தான் எழுதிவந்திருக்கிறோம். அந்த நாளின் மற்ற ஐந்து தாண்டல்களை யாரும் கேட்பதில்லை.

காயம், தட்பவெப்பம், பெரிய மேடையின் பதற்றம் எல்லாம் உண்மைதான். ஆனால் பதற்றத்துக்கு மருந்து பெரிய மேடைகளில் அடிக்கடி நிற்பது மட்டுமே. அதற்கு ஸ்ரீசங்கரே சான்று. 2022 மே மாதம் கிரேக்கத்தின் கலித்தேயாவில் 8.31 தாண்டி வென்றுவிட்டுத்தான் பர்மிங்காம் போனார். 2023 ஜூனில் பாரிஸ் டயமண்ட் லீக்கில் டென்டோக்லுவுடன் ஒரே போட்டியில் நின்று 8.09-உடன் மூன்றாம் இடம் பிடித்தார். அந்த அக்டோபரில் ஹாங்சோவில் 8.19, சீனாவின் வாங் ஜியானான் 8.22 தாண்டியதால் தங்கம் மூன்று சென்டிமீட்டரில் நழுவியது. 2024-இல் முழங்கால் காயம் அவரைப் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கியது பெரும் இழப்பு.

இந்தியத் தடகள சம்மேளனம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. தேர்வுப் போட்டிகளில் ஒரு வீரரின் சிறந்த தூரத்தோடு இரண்டாவது, மூன்றாவது சிறந்த தாண்டல்களையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும். 8.20 ஒன்றும் மூன்று பவுலும் வைத்திருப்பவரையும், 8.10, 8.06, 8.02 வைத்திருப்பவரையும் ஒப்பிடும்போது முன்னவர் தானாகவே மேலே வந்துவிடக்கூடாது. ஒவ்வொரு தேசியப் போட்டியிலும் இறுதிச்சுற்று வீரர்களின் ஆறு தாண்டல்களும், பவுல் உட்பட, அன்றைக்கே பொதுவில் வெளியாக வேண்டும். உலகத் தரவரிசையே பல போட்டிகளின் புள்ளிகளைச் சராசரி பார்த்துத்தான் அமைகிறது. ஒரு போட்டிக்குள்ளும் அந்தப் பார்வை வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதக்கம் வந்தபின் மாநில அரசுகள் அறிவிக்கும் ரொக்கப் பரிசு வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு பருவத்தில் ஐந்தாறு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வர ஆகும் செலவு பதக்கத்துக்கு முன்னால் தேவைப்படுவது. 2025 ஆகஸ்டில் புவனேஸ்வரத்தில் நடந்ததைப்போல, வெளிநாட்டு வீரர்களை வரவழைக்கும் போட்டிகளைச் சென்னையிலும் பெங்களூரிலும் ஆண்டுதோறும் நடத்தலாம்.

அடிப்படை பள்ளி மைதானத்தில் இருக்கிறது. பல ஊர்களில் போட்டிக்கு முந்தைய நாள்தான் மணற்குழியைக் கிளறுகிறார்கள். தாண்டுபலகை ஆடும், அல்லது பலகைக்குப் பதில் சுண்ணாம்புக் கோடு. பிள்ளைக்கு மூன்று வாய்ப்பு. கோட்டுக்கு அப்பால் கால் போகாமலிருக்க, அரை அடி முன்னாலேயே எம்பிவிடக் கற்றுக்கொள்கிறது. பன்னிரண்டு வயதில் படியும் அந்தப் பயம் இருபத்திரண்டில் பன்னாட்டு மைதானத்தில் பவுலாகவோ, பலகைக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னாலிருந்து எம்பும் தாண்டலாகவோ வெளிப்படுகிறது. உறுதியான பலகையும் மட்டமான ஓடுபாதையும் ஆறு வாய்ப்பும் மாவட்டப் போட்டிகளிலேயே கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2026-இன் கணக்கில் கிளாஸ்கோ காமன்வெல்த், நாகோயா ஆசியப் போட்டி என்று இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கான தேர்வு விதிகளிலேயே சம்மேளனம் இந்தத் திருத்தத்தைச் செய்யலாம். புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ அதற்குத் தேவையில்லை. தேர்வுக்குழு உறுப்பினர்களின் மேசையில் ஒவ்வொரு வீரரின் ஆறு தாண்டல்களும் எழுதிய தாள் இருந்தால் போதும்.