மாஸ்க் கேட்ட சங்கம் ஊசிக்கு ஏன் மல்லுக்கு நின்றது?

2020 ஜூன் மாதம். செக்போஸ்ட் டூட்டி முடிந்து ஓர் ஏட்டு என் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஐயா, நான் வெளியிலயே நிக்கிறேன். கபசுரக் குடிநீர் சூரணம் மட்டும் குடுங்க. வீட்ல அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. நான் ராத்திரி மொட்டை மாடியிலதான் படுத்துக்கறேன்" என்றார். முகத்தில் கட்டியிருந்தது மாஸ்க் இல்லை, கர்ச்சீப்!

"மாஸ்க் தரலையா ஏட்டையா?"

"ஒண்ணு தந்தாங்க. அது ஆச்சு நாலஞ்சு நாள்..." என்று இழுத்தவர், "யார்கிட்டப் போய்க் கேக்கறது? எங்களுக்குச் சங்கமா இருக்கு?" என்று சிரித்தார்.

வாஸ்தவம்தான். காவலர்கள் அரசின் அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று 1966-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் அவருடைய சிரிப்பு என்னை விடவில்லை. ஒருவேளை சங்கம் இருந்திருந்தால்? சங்கம் பலமாக இருக்கும் ஊரில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாமே என்று நியூயார்க் போனேன். (பேப்பர் வழியாகத்தான், விமானத்தில் இல்லை!)

அந்த நகரப் போலீஸில் அப்போது சீருடை அணிந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 36,000 பேர் இருந்தார்கள். கீழ்மட்டக் காவலர்களுக்கான சங்கத்தின் பெயர் போலீஸ் பெனவலன்ட் அசோசியேஷன். அதில் அப்போது சுமார் 24,000 பேர் உறுப்பினர்களாக இருந்தார்கள். 1999 முதல் 2023 வரை பேட்ரிக் லிஞ்ச் என்பவர்தான் தலைவர். அந்த மாநிலத்திலும் போலீஸார் ஸ்டிரைக் செய்ய முடியாது, 1967-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆகவே சங்கத்துக்கு இருக்கும் ஆயுதங்கள் பேச்சுவார்த்தை, கோர்ட், பத்திரிகை அறிக்கை, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் அங்கே கொரோனா பரவிய வேகம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சீருடைக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தார். ஒரு வைத்தியனாக இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. ரோந்துக் காரில் இரண்டு பேர் மணிக்கணக்கில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது இறந்து கிடந்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவரும் போலீஸ்காரர்தான். தூக்கம் கெட்ட ஷிப்ட், நேரம் தவறிய சாப்பாடு, அதனால் வந்த பிரஷர், சர்க்கரை, தொப்பை! நோய் உள்ளே வர இதைவிட வேறு வாசல் வேண்டுமா?

மாஸ்க் போதவில்லை, கையுறை போதவில்லை என்று அப்போது சங்கங்கள் உரக்கக் குரல் கொடுத்தன. சமூக இடைவெளி என்று சொல்லி ஜனங்களை விரட்டும் வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று 2020 மே மாதம் லிஞ்ச் அறிக்கை விட்டார். அதே மே மாதக் கடைசியில், கொரோனாவால் இறந்த முன்களப் பணியாளரின் குடும்பத்துக்கு, பணியில் இறந்தவருக்கு உரிய உதவித்தொகையைக் கொடுக்க நியூயார்க் மாநிலம் சட்டம் செய்தது. ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசும் ஒரு சட்டம் போட்டது. டூட்டி பார்த்த 45 நாளுக்குள் நோய் உறுதியாகி ஒரு காவலர் அதனால் இறந்தால், அது டூட்டியில் வந்த நோய்தான் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே தொற்றியது, யாரிடமிருந்து தொற்றியது என்று அவர் மனைவி சாட்சி தேடி அலைய வேண்டாம்.

இது பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு யார் சாட்சி சொல்வார்கள்? இதுவரைக்கும் என் ஓட்டு சங்கத்துக்குத்தான்.

பிறகு தடுப்பூசி வந்தது. அங்கேதான் கதை திரும்புகிறது.

2021 அக்டோபர் 20 அன்று, நகர ஊழியர்கள் எல்லாரும் 29-ம் தேதி மாலைக்குள் முதல் ஊசியாவது போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நவம்பர் 1 முதல் சம்பளமில்லாத லீவு என்று மேயர் டி பிளாசியோ அறிவித்தார். அந்த நேரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தன் ஆட்களை அந்தப் போலீஸ் துறை கொரோனாவுக்குப் பறிகொடுத்திருந்தது. அப்படியும் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. உத்தரவை நிறுத்திவைக்க ஸ்டேட்டன் ஐலண்ட் நீதிபதி மறுத்துவிட்டார். ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களைத் தெருவிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும் என்று சங்கம் எச்சரித்தது. நவம்பர் 1 வந்தது. சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போன சீருடைக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? 34! சங்கம் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தபோதே பெரும்பாலோர் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்கள். மற்றவர்களில் பலர் விலக்கு கேட்டு மனு போட்டிருந்தார்கள்.

சங்கத்தின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு பேசாமல் வேலைக்குப் புது நிபந்தனை போடலாமா? ஊசி நல்லதா கெட்டதா என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு அல்லவா? நியாயமான கேள்விதான். 2022 செப்டம்பரில் மன்ஹாட்டன் நீதிபதி ஒருவர் இந்த விஷயத்தில் சங்கத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பும் சொன்னார். 2023 பிப்ரவரியில் நகரமே அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

சட்டக் கணக்கு அப்படி. வைத்தியக் கணக்கு வேறு. 2020, 2021, 2022 என்று மூன்று வருஷமும் அமெரிக்காவில் பணியின்போது இறந்த காவல்துறையினரை அதிகம் கொன்றது துப்பாக்கி இல்லை, கார் விபத்து இல்லை, கொரோனா! 2021-ல் மட்டும் 300-க்கு மேல். அந்த வருஷம் ஊசி கையில் இருந்த வருஷம் ஐயா! சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். 2021 அக்டோபரில் அங்குள்ள போலீஸ் சங்கத் தலைவர் ஜான் கட்டன்சாரா, ஊசி விவரத்தை நகர நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று உறுப்பினர்களைத் தூண்டிக்கொண்டிருந்தார். அதே வாரத்தில் அதே சங்கத்தின் முன்னாள் தலைவர் டீன் ஏஞ்சலோ கொரோனாவில் இறந்துபோனார்.

எங்கள் வைத்தியத்தில் அடிக்கடி பார்க்கிற ஒரு ரகம் உண்டு. "மருந்து கசந்தாலும் பரவாயில்ல ஐயா, பத்தியம் மட்டும் சொல்லாதீங்க" என்பார்கள். எனக்குச் சங்கத்தின் போக்கும் அப்படித்தான் படுகிறது. மாஸ்க், லீவு, உதவித்தொகை எல்லாம் முதலாளியிடமிருந்து வாங்குவது. உறுப்பினரிடம் 'நீ போய்ப் போட்டுக்கோ' என்று சொல்வதுதான் தலைவருக்குக் கஷ்டம். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுகிறவன் அவன்தானே!

கோர்ட்டில் கட்டாயத்தை எதிர்த்துக்கொண்டே, மறுபக்கம் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் "தம்பி, உனக்குப் பிரஷர் இருக்கு, சர்க்கரை இருக்கு, முதல்ல ஊசியைப் போடு" என்று நச்சரித்திருக்கலாம். உரிமைக்குச் சண்டை போடுகிற அதே குரலை இதற்கும் உயர்த்தியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

'சித்த வைத்தியர் ஊசிக்கு வக்காலத்து வாங்குகிறாரே' என்று சிலர் முகம் சுளிக்கலாம். பாளையங்கோட்டையில் படித்தவன் நான். பதினைந்து சரக்கு சேர்ந்த கபசுரக் குடிநீரை எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன், என் வீட்டிலும் காய்ச்சிக் குடித்தோம். ஆனால் ஊசிக்குப் பதில் இது என்று யாரிடமும் சொன்னதில்லை. தொற்றே வராமல் ஊசி முழுசாகத் தடுக்காது என்பது பின்னாளில் நன்றாகவே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுவதையும் சாவதையும் வெகுவாகக் குறைத்தது என்பதும் தெரிந்தது. எனக்கு அது போதும்.

2021 பிப்ரவரியில் முன்களப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியபோது நம் ஏட்டையா மறுபடி வந்தார். இந்தத் தடவை மாஸ்க் இருந்தது. "ஐயா, குடிநீர்தான் குடிக்கிறேனே, ஊசி வேணாம்ல?" என்று கேட்டார்.

"அம்மா எங்கே படுக்கறாங்க?" என்றேன்.

"கூடத்துல."

"நீங்க?"

பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டார். எட்டு மாதம் ஆகியும் மனுஷன் மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை! மறுநாளே ஊசி போட்டுக்கொண்டு, கை வலிக்கிறது என்று எனக்குத்தான் போன் செய்தார்.

போன மாதம் வந்திருந்தார். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, மூட்டு வலிக்குத் தைலம் வேண்டுமாம். அவருக்கும் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. உட்காரச் சொன்னால், "பழக்கமில்லீங்க ஐயா" என்கிறார்.